லாச்சிக்குள் ஒரு விமானத்தளம்: பிளாஸ்டிக் விமானம் கட்டும் குடும்பஸ்தர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய மேசை கிடக்கிறது. அதன் லாச்சிதான் என் பட்டறை. வீட்டில் மனைவி, சாதாரண தரப் பரீட்சை எடுக்கப்போகும் மகள், ஆறு வயது மகன், மாமி, ஒரு பூனை. இவ்வளவு பேருக்கும் நடுவில் பன்னிரண்டு வருடமாக பிளாஸ்டிக் விமானம் கட்டி வருகிறேன். கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் என்னைப் பிடித்துக் கேட்பவர்கள் பசையில் தொடங்கி, கடைசியில் வீட்டு விஷயத்தில்தான் வந்து நிற்கிறார்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்தானே?

விளையாடினால் உடைந்துவிடும். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் கோத்தபடி ஐம்பதோ நூறோ துண்டுகள் வரும். வெட்டி, உரசி, ஒட்டி, பெயின்ட் அடித்து, சின்னங்களை ஒட்டி முடித்தால் உண்மையான விமானத்தின் சரியான குறுக்கம் கையில் இருக்கும். அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டால் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

எந்த அளவில் தொடங்கலாம்?

வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உண்மை விமானத்தில் 72இல் ஒன்று, 48இல் ஒன்று, 32இல் ஒன்று என்று அளவுகள் உண்டு. ஹரிக்கேன் போர் விமானத்தின் இறக்கை அகலம் 12.19 மீற்றர். 72இல் ஒன்றாகக் கட்டினால் 17 சென்ரிமீற்றர். ஒரு பேனையை விடக் கொஞ்சம் நீளம். 48இல் அது 25 சென்ரிமீற்றரைத் தாண்டும், 32இல் 38 ஆகும். லாச்சிக்குள் மூடிவைக்க வேண்டிய குடும்பஸ்தனுக்கு 72 போதும் என்பது என் கட்சி. கண்ணாடி போட்டவர்கள் 48 என்பார்கள். நானும் போட்டுவிட்டேன், அதனால் அவர்களோடு இப்போது அவ்வளவாக வாதாடுவதில்லை.

திருகோணமலைக்காரன் முதலில் எந்த விமானத்தைக் கட்டலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஸ்பிற்ஃபயரில் தொடங்குவார்கள். நமக்கு நம் தலைக்கு மேலேயே சண்டை போட்ட விமானங்கள் இருக்கின்றன.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, யப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 காலை திருகோணமலைக்கு வந்தன. அக்காகி, சோர்யூ, ஹிர்யூ, ஷொகாகு, சுய்காகு என்ற ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் கடலில் நின்றன. துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் அடித்தார்கள். சீனக்குடாவிலிருந்து 261ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்கள் மேலே போய் மோதின. அதே தளத்தில் 273ஆம் படைப்பிரிவின் ஃபுல்மார்களும் இருந்தன. அதே நாள் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். திருகோணமலையின் எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று அந்தத் தாக்குதலில் எரிந்தது. பேப்பரில் அடிக்கடி அடிபடுகிற '99 தாங்கிகள்' என்ற கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். என் அம்மம்மா கடைசிவரை எதற்கும் 'யப்பான்காரன் குண்டு போட்டதுக்கு முந்தி', 'பிந்தி' என்றுதான் வருடம் சொன்னார்.

ஆகவே ஒரு ஹரிக்கேன், யப்பானியரின் போர் விமானமான சீரோ ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சீனக்குடாவின் ஒரு காலை நேரம் மேசையில் நிற்கும். ஹரிக்கேனின் பின்னுடல் துணி போர்த்தியது, நல்ல பெட்டியில் அந்தத் துணியின் மடிப்புகூடத் தெரியும். துணை விமானங்கள் வேண்டுமென்றால் யப்பானியரின் குண்டுவீச்சு விமானமான கேட் இருக்கிறது. 72இல் அதன் இறக்கை ஏறக்குறைய 21.5 சென்ரிமீற்றர்.

ஒரு எச்சரிக்கை. தென்கிழக்காசிய ஹரிக்கேன் என்று வரும் சில பெட்டிகளில் சின்னம் நீலமும் வெள்ளையுமாக மட்டும் இருக்கும், நடுவில் சிவப்பு வட்டம் இருக்காது. யப்பானியரின் சிவப்புச் சூரியனோடு குழம்பிவிடும் என்று பிற்பாடு அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். 1942 ஏப்ரலில் சிவப்பு இருந்தது. சீரோ எந்தக் கப்பலிலிருந்து வந்தது என்பதை வாலெழுத்தும் உடல்பட்டையும் சொல்லும், அவற்றைப் பார்க்க வேண்டும். அக்காகிக்கு உடலில் ஒரு சிவப்புப் பட்டை, ஹிர்யூவுக்கு இரண்டு நீலப்பட்டை, சுய்காகுவுக்கு இரண்டு வெள்ளைப்பட்டை. காகா என்ற கப்பலின் சின்னத்தை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அது இந்தப் பயணத்துக்கு வரவேயில்லை. வீட்டில் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, ஆனால் இரவில் உங்களுக்கு நித்திரை வராது.

என்னென்ன சாமான் வேண்டும்?

நகவெட்டி ஒன்று, கூரான கத்தி ஒன்று, சாவணம் ஒன்று, மெல்லிய அரத்தாள், இரண்டு தூரிகை, பிளாஸ்டிக் பசை. அவ்வளவுதான். சட்டத்திலிருந்து துண்டை முறித்து எடுக்காதீர்கள், கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை அப்புறம் சீவுங்கள்.

பசையைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. தண்ணீர் மாதிரி ஓடும் பிளாஸ்டிக் பசை உண்மையில் ஒட்டுவதில்லை, உருக்குகிறது. இரு துண்டையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியைத் தொட்டால் பசை தானாக உள்ளே ஓடும். பிளாஸ்டிக் இளகி ஒன்றாகிவிடும். சூப்பர் குளூவை விமானியின் கண்ணாடிக் கூட்டுக்கு மட்டும் போடாதீர்கள், அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். அதற்கு வெள்ளைப் பசை நல்லது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் அதே பசை.

கத்தியின் பிளேட் நம் ஊர் உப்புக்காற்றில் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வையுங்கள்.

பெட்டிகள் எங்கே கிடைக்கும்?

இங்கே கடையில் கிடைப்பது அபூர்வம். நம்மில் பாதிப்பேருக்கு லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு அண்ணாவோ மச்சானோ இருப்பார். அவருடைய பயணப்பெட்டியின் மூலையில்தான் ஏர்ஃபிக்ஸ், டமியா கம்பனிகளின் பெட்டிகள் வந்து சேர்கின்றன. சொக்லேட்டுக்குப் பதிலாக என்று சொல்லிவையுங்கள். மாமிக்குக் கொண்டுவரும் தைலத்துக்குப் பதிலாக என்று மட்டும் சொல்லாதீர்கள். பசையும் பெரும்பாலான பெயின்ட்டும் எரியக்கூடியவை, விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். அவற்றை இங்கே தேட வேண்டும்.

விலையை மனைவிக்குச் சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லுங்கள். இதில் எனக்கு அனுபவம் உண்டு, சுகமான அனுபவம் அல்ல.

ஒருமுறை இணையத்தில் ஒரு கெட்டலினா ஓடர் பண்ணினேன். கடல் விமானம், இறக்கை அகலம் 31.7 மீற்றர், 72இல்கூட 44 சென்ரிமீற்றர் வரும். அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன்: யப்பான் கப்பல்கள் வருவதை 1942 ஏப்ரல் 4இல் முதலில் கண்டு செய்தி அனுப்பியது கொக்கலவிலிருந்து போன ஒரு கெட்டலினா. கனடாவின் 413ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் ஓட்டியது. செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்திவிட்டார்கள். இலங்கையைக் காப்பாற்றிய விமானம் என் அலுமாரியில் இருக்க வேண்டாமா?

மனைவியிடம் 'அண்ணா அனுப்பினது' என்றேன். பார்சல் துண்டு காற்சட்டைப் பையில் இருந்தது. துவைக்கும்போது கையில் அகப்பட்டது. அது மகளின் டியூஷன் காசுக்காக இரண்டு பேருமாக நோட்டு நோட்டாக எண்ணிக்கொண்டிருந்த மாதம். அவர் சத்தம் போடவில்லை. துண்டை மேசையில் வைத்து அதன்மேல் உப்புப் போத்தலை வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் கதை. விலையை விட அந்த 'அண்ணா'தான் அவரைச் சுட்டது என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. வாங்கட்டுமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், நானும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன், ஒரு நாளில் முடிந்திருக்கும்.

இப்போது ஒரு பால்மா டின் இருக்கிறது. பின்னேரம் கடையில் தேத்தண்ணியும் ரோல்ஸும் சாப்பிடும் காசு அதற்குள் போகிறது. டின் நிறைந்தால் ஒரு பெட்டி. வீட்டுக் காசில் கை வைப்பதில்லை. 2022இல் ரூபாய் விழுந்தபோது டின் நிறைய ஒன்றரை வருடம் எடுத்தது. பரவாயில்லை, வயிறும் கொஞ்சம் இறங்கியது.

நேரம் எங்கே இருக்கிறது?

ஞாயிறு முழுக்க உட்காரலாம் என்று கனவு காணாதீர்கள். ஞாயிறு வீட்டுடையது. என் கணக்கு இரவில் இருபது நிமிடம், அதுவும் எல்லா இரவும் இல்லை.

இந்த வேலையில் பெரும்பங்கு காத்திருப்பு. பசை காய வேண்டும், எனாமல் பெயின்ட் என்றால் ஒரு நாளாவது விட வேண்டும், சின்னம் ஒட்டிய பின் இரவு முழுக்க விட வேண்டும். முழு நேரமும் இருப்பவன்தான் அவசரப்பட்டு விரலடையாளம் பதிப்பான். குடும்பஸ்தன் இறக்கையை ஒட்டிவிட்டு மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறான். திரும்பி வரும்போது நாள் மாறியிருக்கும், இறக்கை இறுகியிருக்கும்.

ஒவ்வொரு இரவும் ஒரு வேலை என்று வையுங்கள். இன்று விமானி இருக்கை, நாளை அதற்குப் பெயின்ட். எல்லாம் ஒரு மூடி போட்ட பிஸ்கட் டின்னுக்குள். 'ஒருக்கா வாங்கோ' என்று குரல் வந்தால் பத்து விநாடியில் மூடிவிட்டு எழுந்து போக முடிய வேண்டும். 'இந்தா வாறன், பசை காயுது' என்ற பதிலை இரண்டு முறைக்கு மேல் சொல்லிவிடாதீர்கள். மூன்றாம் முறை அந்த டின்னையே பார்வையால் எரிப்பார்கள்.

பெயின்ட் மணம் சின்னப் பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள். உண்மையா?

உண்மை, இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் எனாமலும் லாக்கரும் வீட்டுக்குள் வேண்டாம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் போதும். பசைப் போத்தலையும் யன்னலோரம் வைத்துப் பாவித்து உடனே மூடுங்கள். உரசும்போது அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் தூள் பறக்காது. கைக்குழந்தை தவழும் வீட்டில் தரையில் ஒரு துண்டும் கிடக்கக்கூடாது.

விழுந்த துண்டைத் தேட ஒரு வழி: லைட்டை அணைத்து, டோர்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடியுங்கள். கடுகளவு துண்டுக்கும் நீளமாக நிழல் விழும்.

அம்மா 'பொம்மரை வீட்டுக்குள்ள வைக்காதே' என்கிறார். என்ன செய்வது?

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெள்ளைக்காரன் வீட்டில் விமானம் என்றால் தாத்தாவின் வீரக்கதை. நம் வீட்டில் அது பங்கர்.

அம்மா பாலையூற்றில் அக்காவோடு இருக்கிறார். ஒருமுறை இங்கே வந்தபோது அலுமாரிக்கு மேல் ஒரு ஜெட் நின்றது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது கதிரையைத் திருப்பிப் போட்டு முதுகு காட்டி உட்கார்ந்தார். 'கிபிர் வந்தால் சத்தம் பிந்தித்தான் கேட்கும்' என்று மட்டும் சொன்னார். யுத்த காலத்தில் குண்டு போட்ட அந்த ஜெட்டின் சத்தத்துக்கு ஓடி ஒளிந்த ஆளிடம் இது பிளாஸ்டிக்தானே அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். எங்கள் ஆட்கள் கண்ணால் பார்த்து ஓடிய எந்த விமானத்தையும் நான் கட்டுவதில்லை. கட்டுகிற சிலரை எனக்குத் தெரியும், அவர்களுக்கு அவர்கள் காரணம். 1942 விமானங்களைக் கட்டுகிறேன், ஆனால் அதுவும் குண்டு விழுந்த கதைதான், அம்மம்மாவுக்கு வலித்த கதைதான் என்று தெரிந்தே கட்டுகிறேன். தூரம் கூடியதால் மட்டும் அது சுத்தமாகிவிடாது. அம்மா வரும் நாட்களில் எல்லாம் லாச்சிக்குள் போகும். கெட்டலினா மட்டும் வெளியே நிற்கலாம் என்று அவரே ஒருநாள் சொன்னார். 'அது மீன்பிடி வள்ளம் மாதிரித்தானே இருக்கு' என்றார்.

உங்கள் அம்மா வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம். பயணிகள் விமானம், கடல் விமானம் என்று நிறையவே இருக்கிறது.

மகன் உடைத்துவிட்டான். எப்படித் திருத்துவது?

விமானத்தையா, மகனையா?

விமானம் சுலபம். முறிந்த சில்லுக்கால் பசையில் சேரும். அன்ரெனா தொலைந்தால் மிச்சச் சட்டத்தை மெழுகுதிரிச் சுவாலைக்கு மேல் பிடித்து, இளகியதும் சுவாலையிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் இழுங்கள். மயிர் போல நூல் வரும். 2022 மின்வெட்டில் வேறு வேலை இல்லாமல் நான் இதில் தேர்ச்சி பெற்றேன்.

மகனுக்கு நான் பேசிவிட்டேன், அதுவும் உரக்க. அவன் பயந்து மாமிக்குப் பின்னால் போய் நின்றதைப் பார்த்த பிறகுதான் கையில் இருந்த பிளாஸ்டிக்கின் பெறுமதி விளங்கியது. அடுத்த கிழமை அவனுக்கென்று ஒரு பெட்டி கொடுத்தேன். அதற்கு ஊதா நிறம் அடித்தான், சின்னத்தைத் தலைகீழாக ஒட்டினான். நான் திருத்தவில்லை. கை துறுதுறுத்தது என்பது வேறு கதை.

கச்சானிலும் மாரியிலும் என்ன கவனிக்க வேண்டும்?

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அக்ரிலிக் தூரிகையிலேயே காய்ந்துவிடும். காலை வெள்ளனவோ இரவிலோ அடியுங்கள், கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் சேர்த்து, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் பெட்டியை விட்டால் மெல்லிய துண்டுகள் வளைந்துவிடும்.

மாரியில் நேர்மாறு. ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் பால் படிந்த மாதிரி வெளிறும். மழை விடும்வரை பொறுங்கள். சின்னத்தாள்களைச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

பழைய பெட்டியில் சின்னங்கள் மஞ்சளாகிவிட்டன. வீசிவிடுவதா?

வீசாதீர்கள். யன்னல் கண்ணாடியின் உள்பக்கம் வெயில் படும்படி ஒட்டி வைத்தால் சில நாட்களில் பெரும்பாலும் வெளுக்கும். வெயிலுக்கு நமக்கென்ன பஞ்சம்?

பெயின்ட்டை விசிறி அடிக்கும் காற்றுத் தூரிகை வாங்கலாமா?

கம்பிரஷர் சத்தத்துக்கு மாமி என்ன சொல்வார் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

தூசும் பல்லியும்?

பல்லி எச்சம்தான் பெரிய எதிரி, பெயின்ட்டையே அரித்துவிடும். கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்றே வழி. மாமி ஒருநாள் அன்பு மிகுதியில் ஈரத்துணியால் சீரோவைத் துடைத்தார். ஹிர்யூவின் இரண்டு நீலப்பட்டையில் ஒன்று துணியோடு போய்விட்டது. ஒற்றை நீலப்பட்டை சோர்யூவுக்கு உரியது, அதனால் இப்போது அது சோர்யூவின் விமானம். வாலெழுத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

வீட்டில் சண்டை. லாச்சியைத் திறந்து உட்காரலாமா?

சண்டை முடிந்த பிறகு உட்காருங்கள். நடுவில் எழுந்து போய் உட்காராதீர்கள். மனதைச் சாந்தப்படுத்தும் என்று எல்லோரும் சொல்வார்கள், சாந்தப்படுத்தும்தான், உங்களை மட்டும். அந்தப் பக்கம் ஒருவர் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மாமி ஆஸ்பத்திரியில் இருந்த கிழமை நான் இரவில் வீட்டுக்கு வந்து ஒரு எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்தேன். மனைவி அங்கே வாங்கில் உட்கார்ந்து விடியவைத்தார். 'நித்திரை வரவில்லை, அதுதான்' என்றேன். 'எனக்கும்தான்' என்றார். அந்த எஞ்சின் நன்றாக வந்தது. அதை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

கட்டாத பெட்டிகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். நான்காவதைக் கட்டிலுக்குக் கீழே வைத்தால் அது மறைத்து வைத்த மாதிரி, மேலே போனதைப் படிக்கவும்.

இவ்வளவுக்குப் பிறகு உங்கள் மனைவிக்கு இது பிடித்துவிட்டதா?

இல்லை. கெட்டலினாவின் இறக்கை அலுமாரிக்குள் கொள்ளாமல் விறாந்தை மேசையில்தான் நிற்கிறது. தேத்தண்ணிக் கோப்பையோடு வரும்போது இடுப்பை ஒருபக்கம் ஒடுக்கி அதைச் சுற்றிப் போக அவர் பழகிவிட்டார். போன மாதம் டின்னைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, 'அடுத்தது எவ்வளவு அகலம்?' என்று கேட்டார். ஃபுல்மார், 20 சென்ரிமீற்றருக்குள்தான் என்றேன். அடிமட்டத்தை எடுத்துவரச் சொன்னார்.